எள்ளலும் இளக்காரமும்: ஜான் காட்மனை ஒரு விமர்சகன் வாசித்தபோது

சென்ற ஆண்டு ஒரு நாவலைப் பற்றி நான் எழுதிய விமர்சனத்துக்கு நண்பர்கள் பலர் வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பியிருந்தார்கள். "கிழிச்சிட்டீங்க அண்ணே" என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். உற்சாகத்தில், அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அந்தக் கட்டுரையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. என்கிட்ட பேசற மாதிரியே எழுதியிருக்கீங்க" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து மேசையில் ஒரு புத்தகம் கிடந்தது. ஜான் காட்மன், நான் சில்வரோடு சேர்ந்து எழுதி 1999இல் வெளிவந்த 'தி செவன் பிரின்சிபிள்ஸ் ஃபார் மேக்கிங் மேரேஜ் வொர்க்'. அட்டையைப் பார்த்ததுமே எனக்குள் இருக்கும் இலக்கியவாதி விழித்துக்கொண்டான். 'ஏழு', 'பத்து', 'இருபத்தொன்று' என்று எண் போட்டு வாழ்க்கையை விற்கும் புத்தகங்கள் மீது எனக்கு ஒரு தீராத ஒவ்வாமை உண்டு. "இதெல்லாம் நீ படிக்கிறியா?" என்றேன். "இல்ல, உங்களுக்குத்தான்" என்றாள்.

படித்தேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. பிறகு அதைச் சுற்றியுள்ள ஆய்வுகளையும், அதை மறுத்து எழுதியவர்களையும் தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் கணக்கு. புத்தகத்தின் சில பகுதிகள் என்னை உலுக்கின. சில பகுதிகள் அறிவியல் என்ற பெயரில் நடக்கும் கைரேகை சாஸ்திரம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இன்று இன்ஸ்டாகிராமில் காதல் பற்றி வரும் அறிவுரைகளில் பாதி, பெயர் சொல்லாமல் காட்மனிடமிருந்து எடுத்தவைதான்.

*

முதலில் அந்த ஆய்வகம். காட்மன் கணிதத்திலிருந்து உளவியலுக்கு வந்தவர். ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளரோடு சேர்ந்து கணவன் மனைவி பேச்சை அளக்க ஆரம்பித்தார். 1986இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டைப்போல ஓர் ஆய்வகத்தை அமைத்தார். ஊடகங்கள் அதற்குக் 'காதல் ஆய்வகம்' என்று பெயர் வைத்தன. தம்பதிகள் அங்கே வந்து ஒரு நாள் தங்குவார்கள். சமைக்கலாம், டிவி பார்க்கலாம், பேப்பர் படிக்கலாம். காலை 9 முதல் இரவு 9 வரை கேமராக்கள் ஓடும். குளியலறைக்குள் மட்டும் கேமரா கிடையாது. உடம்பில் இதயத்துடிப்பை அளக்கும் கருவி மாட்டியிருக்கும். இன்னொரு வகை ஆய்வில், தம்பதிகளுக்குள் தீராமல் இருக்கும் ஏதாவது ஒரு பிரச்சினையைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொல்வார்கள். உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே, ஆள் எவ்வளவு நெளிகிறார் என்று அளக்க ஒரு கருவி இருக்கும்.

பிறகுதான் உண்மையான வேலை. பயிற்சி பெற்ற ஆட்கள் அந்தப் பதிவை நொடி நொடியாகப் பார்த்துக் குறிப்பார்கள். இது கோபம், இது வருத்தம், இது அதிகாரம், இது நகைச்சுவை, இது பாசம், இது இளக்காரம். கண்ணை உருட்டுவது, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே இழுபடுவது, குரலில் வரும் அந்த 'ஆமா, நீ ரொம்ப ஒழுங்கு' தொனி. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு.

இதைப் படித்தபோதுதான் என் முதல் ஏளனம் கொஞ்சம் இறங்கியது. இது நாம் செய்கிற வேலைதானே? ஒரு நல்ல சிறுகதையை வாசிக்கும்போது, பாத்திரம் என்ன சொன்னது என்பதைவிட எப்படிச் சொன்னது, எந்த இடத்தில் பேச்சை மாற்றியது, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனது என்றுதான் கவனிக்கிறோம். காட்மனின் ஆட்கள் செய்வதும் நெருக்கமான வாசிப்பு. பிரதி மட்டும் வேறு. அவர்கள் முன்னால் இருப்பது, யாரும் எழுதாத, எழுதத் தகுதியில்லாதது என்று நாம் ஒதுக்கிவிடுகிற பதினைந்து நிமிடச் சண்டை. குப்பையை யார் வெளியே கொண்டுபோய்ப் போடுவது என்பது மாதிரி.

*

அந்த வாசிப்பிலிருந்து கிடைத்த மிகப் புகழ்பெற்ற முடிவு, 'நான்கு குதிரைவீரர்கள்'. விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் உலக முடிவுக்கு முன்னால் வரும் நான்கு குதிரைக்காரர்களின் பெயரைக் காட்மன் எடுத்துக்கொண்டார். உறவு முறிவதற்கு முன்னால் வீட்டுக்குள் வரும் நால்வர்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், தற்காப்பு, வாயை மூடிக்கொண்டு சுவராகிவிடுவது.

முதலாவதில் அவர் செய்யும் பாகுபாடு முக்கியமானது. முறையீடு வேறு, ஆளைக் குறை சொல்வது வேறு. "நேத்து பில்லு கட்டறேன்னு சொன்னீங்க, கட்டல, எனக்குக் கோவமா இருக்கு" என்பது முறையீடு. ஒரு செயலைப் பற்றியது. "உங்களுக்கு எப்பவுமே பொறுப்பே கிடையாது" என்பது ஆளைப் பற்றியது. முதலாவது இல்லாத வீடு எங்கேயும் இல்லை, இருந்தால்தான் ஆரோக்கியம். இரண்டாவதுதான் நச்சு.

இதை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் இலக்கியச் சூழலில் மூத்தவர்கள் இளையவர்களுக்கு மறுபடி மறுபடி சொல்லும் பாடம் என்ன? படைப்பை விமர்சி, படைப்பாளியை விமர்சிக்காதே. மேடையில் நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! ஒரு கதையில் எந்தப் பத்தி ஏன் தொய்கிறது என்று ஆதாரத்தோடு சொல்வேன். வீட்டில் மட்டும் "உனக்கு எதுவும் புரியாது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவேன். அறிமுகமே இல்லாத எழுத்தாளருக்குக் கொடுக்கும் நியாயத்தை, பன்னிரண்டு வருடமாக என்னோடு இருப்பவளுக்குக் கொடுத்ததில்லை.

இரண்டாவது குதிரைக்காரன் இன்னும் மோசம். நால்வரில் மிகக் கொடியவன் இளக்காரம்தான் என்கிறார் காட்மன். கோபம் அல்ல. கோபத்தில் எதிராளி ஒரு பொருட்டாக இருக்கிறார். அதனால்தான் கோபமே வருகிறது. இளக்காரத்தில் நான் மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவரைப் பார்க்கிறேன். கிண்டல், போலி மரியாதை, பேசியதை அதே குரலில் பேசிக் காட்டுவது எல்லாம் இதன் கருவிகள்.

நம்மிடம் இதற்கு ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது: எள்ளல். எழுத்தில் எள்ளல் பெரிய அழகு. அதிகாரத்தைப் பார்த்துச் செய்யும்போது அது அறமும்கூட. ஆனால் நம் குழுக்களில், பின்னூட்டங்களில், ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே நடக்கும் இலக்கியப் பேச்சுகளில், எள்ளல் என்று நாம் கொண்டாடுவதில் பாதி வெறும் இளக்காரம். யாரைப் பார்த்து, எந்த உயரத்திலிருந்து என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் சட்டையைப்போல வாசலில் கழற்றி வைக்கிற விஷயம் இல்லை. நம்மோடு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. என் மனைவி அன்று சொன்னது அதைத்தான். நான் அதைப் பாராட்டு என்று நினைத்திருந்தேன்.

*

இனி புத்தகத்தின் பலவீனமான பக்கம். பின்னட்டையிலும் பேட்டிகளிலும் பெரிய எழுத்தில் வருவதும் இதுதான்: ஒரு தம்பதி பேசுவதைச் சில நிமிடம் பார்த்தாலே, அவர்கள் பிரிவார்களா சேர்ந்திருப்பார்களா என்று 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லிவிட முடியும் என்ற உரிமைகோரல். 2005இல் மால்கம் கிளாட்வெல் தன் 'பிளிங்க்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே இதைக் கொண்டுபோய் வைத்தபின், உலகம் முழுக்க இது ஒரு கதையாகவே ஆகிவிட்டது.

இந்த எண்ணை ஒரு கதைசொல்லியின் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்காக, நூறு புதுமணத் தம்பதிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடத்தில் 16 ஜோடி பிரிகிறது. நான் எதையுமே பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, "யாருமே பிரிய மாட்டார்கள்" என்று சொன்னால் எத்தனை சரி? 84. எந்த ஆய்வகமும் இல்லாமல் எனக்கு 84 சதவீதத் துல்லியம்! ஆகவே வெறும் சதவீதத்தைக் கேட்டு மயங்கக் கூடாது. 'பிரிவார்கள்' என்று குறித்தவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே பிரிந்தார்கள் என்பதே கேள்வி.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. இந்த ஆய்வுகள் பலவற்றில், யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு, பழைய பதிவுகளிலிருந்து அதற்குப் பொருந்தும் சமன்பாடு கட்டப்பட்டது. புள்ளியியலில் இதற்கும் 'முன்கணிப்பு' என்ற சொல்லையே பயன்படுத்துவது வழக்கம். துறைக்குள் அதில் தவறில்லை. ஆனால் பொதுவாசகன் காதில் அது ஜோசியமாக விழுகிறது. போன வருட எஸ்.பி.எம். கேள்வித்தாளையும் விடைகளையும் கையில் வைத்துக்கொண்டு "இந்த மாதிரி படித்தால் 90 மார்க் வாங்கலாம்" என்று சொல்வது போன்றது இது. அடுத்த வருடத் தாளில் அதே முறை எடுபடுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ரிச்சர்ட் ஹேமன், ஏமி ஸ்மித் ஸ்லெப் இருவரும் 2001இல் இதைத்தான் சோதித்துக் காட்டினார்கள். ஒரு தொகுதித் தம்பதிகளை வைத்துச் சமன்பாடு கட்டினால் அது அழகாக வேலை செய்கிறது. அதே சமன்பாட்டை வேறொரு தொகுதிக்குப் பொருத்தினால் அதன் பலம் கணிசமாகக் குறைந்துவிடுகிறது.

இது கல்வித்துறைச் சில்லறைச் சண்டை அல்ல. முன்கணிப்பை நம்புகிறவர் என்ன செய்வார்? தன் உறவைப் பரிசோதனைக்கு வைப்பார். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், காதலியோடு நடந்த ஒரு சண்டையில் அவர் கண்ணை உருட்டியதை எண்ணிவைத்திருந்தார். "அண்ணே, இது கண்டெம்ப்ட். ரிசர்ச் என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தார். கவனிக்க உதவ வேண்டிய ஒரு கருவி குற்றப்பத்திரிகை எழுத உதவிக்கொண்டிருந்தது. இளக்காரத்தைப் பற்றிய ஆய்வை இளக்காரத்தோடு பயன்படுத்துவதைத் தடுக்க அந்தப் புத்தகத்தில் எந்தக் கோட்பாடும் இல்லை.

நாவல் வாசிப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனால் எல்லா வரியிலும் அறிகுறி தெரியும். முதல் வாசிப்பில் அவை வெறும் வரிகள். வாழ்க்கையை நாம் முதல் வாசிப்பில் மட்டும்தான் வாழ்கிறோம்.

*

முன்கணிப்பைக் கழித்துவிட்டால் புத்தகத்தில் என்ன மிஞ்சும்? நிறைய மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்தது யாரும் அட்டையில் போடாத ஓர் எண். தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் தீராதவை என்கிறார் காட்மன். அவள் சேமிக்கிறவள், அவன் செலவழிக்கிறவன். அவனுக்கு வாரம் தவறாமல் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும். சில வருடம் கழித்து அதே தம்பதியைக் கூப்பிட்டால் அதே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள். துணிமணியும் முடியும் மட்டும்தான் மாறியிருக்கிறது. நன்றாக இருக்கிற தம்பதிகள் பிரச்சினையைத் தீர்த்தவர்கள் அல்ல. அதோடு ஒரு பேச்சுவார்த்தையை, கொஞ்சம் சிரிப்போடு, தொடர்ந்து வைத்திருப்பவர்கள்.

69 என்ற எண்ணின் துல்லியத்தை நான் ரொம்ப நம்பவில்லை. எதைத் தனிப் பிரச்சினை என்று எண்ணுவது என்பதே குறியிடுகிறவர் முடிவு. ஆனால் உண்மை அங்கே இருக்கிறது. தன்னுதவிப் புத்தகங்கள் எல்லாம் தீர்வு விற்கும்போது, இந்தப் புத்தகம் 'தீராது, ஆனாலும் சேர்ந்து வாழலாம்' என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல என்று சொல்லத் தோன்றும். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. அறத்தில் தொடங்கிய நூல் ஊடலின் மகிழ்ச்சியில் முடிகிறது. புலவி உணவுக்கு உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் அளவு சொல்கிறார். காட்மனும் ஓர் அளவு சொல்கிறார்: சண்டையின் நடுவிலும், நிலைத்த உறவுகளில் ஓர் எதிர்மறைக்கு ஐந்து நேர்மறை இருக்கிறது. ஒரு தலையசைப்பு, ஒரு "ஆமா, அது சரிதான்", ஒரு சின்னச் சிரிப்பு. இரண்டு பேருமே சண்டையே கூடாது என்று சொல்லவில்லை.

ஆனால் 'எல்லாம் எங்கள் தாத்தா சொல்லிவிட்டார்' என்று இங்கேயே நின்றுவிடக் கூடாது. ஊடல் ஓர் இலக்கிய மரபு. அதில் கோபிப்பவளுக்கும் சமாதானம் செய்பவனுக்கும் முன்பே வகுத்த இடங்கள் உண்டு. இறுதியில் கூடல் வரும் என்பது அந்த மரபுக்குள் உறுதி. காட்மனின் தம்பதிகளுக்கு அந்த உறுதி இல்லை. தவிர, அவர் கேட்கிற ஒரு கேள்வி நம் மரபில் அவ்வளவு வெளிப்படையாக இல்லை: கணவன் மனைவியின் கருத்துக்கு விட்டுக்கொடுத்துத் தன் முடிவை மாற்றிக்கொள்கிறானா? 130 புதுமணத் தம்பதிகளைப் பின்தொடர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில் அவரும் குழுவும் இதை முக்கியமான காரணியாகக் கண்டார்கள். பெண்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கணவன் சொல்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள், ஆண்கள்தான் கற்க வேண்டியிருக்கிறது என்கிறார் காட்மன். அந்த ஆய்வின் முறையையும் 2000இல் ஸ்காட் ஸ்டான்லி, தாமஸ் பிராட்பரி, ஹாவர்ட் மார்க்மன் மூவரும் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அந்த விவாதத்தைப் படித்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கடைசியாக எப்போது அவள் சொல்லி நான் ஒரு முடிவை மாற்றினேன்? யோசித்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் வாங்கியபோது.

*

காட்மனுக்குப் பிறகு துறை எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக் முதலானோர் பல நாட்டு ஆய்வகங்களைச் சேர்த்து, 43 ஆய்வுகளின் தரவை, மொத்தம் 11,196 ஜோடிகளை, இயந்திரக் கற்றல் முறையில் அலசி 2020இல் வெளியிட்டார்கள். உறவில் ஒருவரின் திருப்தியை அதிகம் சொல்லக்கூடியவை எவை? ஆளின் குணம், வயது, வருமானம் போன்றவை அல்ல. 'என் துணை இந்த உறவில் உறுதியாக இருக்கிறார்' என்று எனக்குத் தோன்றுவது, நன்றியுணர்வு, உடல்சார்ந்த திருப்தி, சண்டையின் அளவு போன்ற உறவு சார்ந்த விஷயங்களே.

இரண்டு முடிவுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, என் திருப்தியைக் கணிக்க என் பதில்களே பெரும்பாலும் போதும். துணை என்ன சொன்னார் என்பதைச் சேர்த்தால் கிட்டத்தட்ட எதுவும் கூடுவதில்லை. இரண்டு, ஓர் உறவு காலப்போக்கில் மேலே போகுமா கீழே போகுமா என்ற மாற்றத்தை இத்தனை தரவாலும் ஏறக்குறையக் கணிக்கவே முடியவில்லை. 90 சதவீத ஜோசியத்துக்கு இதைவிட அடக்கமான, நேர்மையான பதில் இல்லை.

முதல் முடிவைக் கதை வாசகராகப் பாருங்கள். ஒரு வீட்டில் இரண்டு தன்மைக் கதைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இருவரும் நம்பகமற்ற கதைசொல்லிகள். நான் வாழ்வது என் கதையில். அவள் வாழ்வது அவள் கதையில். 'நாங்கள் நல்லா இருக்கோம்' என்று நான் நினைத்த அதே இரவு உணவில் அவள் வேறு கதையில் இருந்தாள்.

இதற்கு ஏதாவது செய்ய முடியுமா? எலி ஃபிங்கல் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 120 திருமணமான தம்பதிகள், இரண்டு வருடம். எல்லோரும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கடைசியாக நடந்த பெரிய சண்டையைப் பற்றி எழுத வேண்டும். இரண்டாவது வருடத்தில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை: இருவருக்கும் நல்லது நினைக்கிற, நடுநிலையான மூன்றாம் ஆள் ஒருவர் அந்தச் சண்டையைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார் என்று 7 நிமிடம் எழுதுவது. வருடத்துக்கு மூன்று தடவை, மொத்தம் 21 நிமிடம். முதல் வருடம் எல்லோருக்கும் திருப்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. எழுதாதவர்களுக்கு இரண்டாம் வருடமும் சரிந்தது. எழுதியவர்களுக்குச் சரிவு நின்றது.

ஒரே ஓர் ஆய்வு, 120 ஜோடி. இதை வைத்துக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் அந்த மூன்றாம் ஆள் யார் என்று நமக்குத் தெரியும். படர்க்கையில் கதை சொல்கிற நல்ல எழுத்தாளர்தான் அது. எந்தப் பாத்திரத்தையும் முட்டாளாக்காமல் எழுதத் தெரிந்தவர். என் சண்டைகளில் ஒன்றை அப்படி எழுதிப் பார்த்தேன். எழுதத் தொடங்கி நான்காவது நிமிடத்தில், அவள் வசனங்களை எல்லாம் நான் மோசமாக எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. என்னுடைய வசனங்கள் மட்டும் நயமாக இருந்தன. ஒரு நாவலில் இதைப் பார்த்தால் சும்மா விட்டிருப்பேனா?

*

இந்தத் துறைமீது எனக்கு இருக்கும் பெரிய புகார் வேறொன்று. உறவை ஓர் அறைக்குள் இருவர் பேசும் பேச்சாக மட்டும் பார்ப்பது.

அமெரிக்க அரசு ஒரு பெரிய சோதனை நடத்தியது. 'பில்டிங் ஸ்ட்ராங் ஃபேமிலிஸ்' என்று பெயர். குழந்தை பிறக்கப்போகிற அல்லது அப்போதுதான் பிறந்த, திருமணம் செய்துகொள்ளாத, பெரும்பாலும் வருமானம் குறைந்த ஜோடிகள். எட்டு இடங்களில் 5,000க்கு மேற்பட்ட ஜோடிகள். பாதிப் பேருக்கு உறவுத்திறன் வகுப்புகள். பயன்படுத்திய பாடத்திட்டங்களில் ஒன்று ஜான் காட்மனும் அவர் மனைவி ஜூலி காட்மனும் உருவாக்கியது. 15 மாதம் கழித்து வந்த மதிப்பீட்டில், எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், சேர்ந்திருப்பதிலோ உறவின் தரத்திலோ வித்தியாசம் இல்லை. ஓக்லஹோமா நகரில் கொஞ்சம் நன்மை. பால்டிமோரில் கொஞ்சம் பாதகம்கூட. பலருக்கு வகுப்புக்கு வரவே முடியவில்லை.

பெஞ்சமின் கார்னி போன்றவர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் நேரடியானது. வருமானம் குறைந்தவர்கள் திருமணத்தைக் குறைவாக மதிப்பவர்கள் அல்லர். அவர்களுடைய எதிர்பார்ப்புகளும் மற்றவர்களைப் போன்றவைதான். அவர்களிடம் இல்லாதது காசு, நேரம், நிம்மதி.

இதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜொகூர் பாருவில் என் உறவினர் ஒருவர் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் எடுத்துப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். ஓ.டி. இருந்தால் வீடு திரும்ப இரவு பத்து. காட்மன் ஓர் அழகான விஷயம் சொல்வார்: உறவு பெரிய தருணங்களில் இல்லை, சின்ன அழைப்புகளில் இருக்கிறது. "இங்க பாரேன், மழை வரும் போல" என்று ஒருவர் சொல்லும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதே எல்லாம். ஆறு வருடம் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் அப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பினார்கள், பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்கு, என்பது அவர் தரும் கணக்கு. சரி. மழையைக் காட்டுவதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். சியாட்டில் ஆய்வகத்தின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு முழு நாள் கொடுக்கப்பட்டிருந்தது. பாலத்தில் மோட்டார் நெரிசலில் நிற்கிறவர், மனைவியின் அழைப்பை நிராகரிக்கவில்லை. அது அவர் காதுக்கு வருவதே இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காத உளவியல், வறுமையைக் குணக்குறை என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அடி விழுகிற வீட்டில் 'நாம் இருவரும் எப்படிப் பேசுகிறோம்' என்பது கேள்வியே அல்ல. அங்கே மென்மையாகப் பேச்சைத் தொடங்கச் சொல்லிப் பெண்ணுக்குப் பாடம் எடுப்பது கொடுமை. இந்தப் புத்தகத்தை யாருக்காவது பரிசாகக் கொடுக்கும் முன் அதை யோசியுங்கள்.

*

கடைசியாக ஒரு சின்ன ஆய்வு. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் சண்டைகளை விட்டுவிட்டு, நல்ல செய்திக்குத் துணை எப்படிப் பதில் சொல்கிறார் என்று பார்த்தார். நான்கு வகை: உற்சாகமாக விசாரிப்பது, "ம்ம், நல்லது" என்று முடித்துக்கொள்வது, குறை கண்டுபிடிப்பது, பேச்சையே மாற்றிவிடுவது. முதல் வகை மட்டுமே உறவுக்கு நல்லது. 2006இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வின்படி, கெட்ட செய்திக்குத் தரும் ஆறுதலைவிட, நல்ல செய்திக்குத் தரும் பதில் உறவின் நலத்தோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது.

துக்கத்துக்குத் தோள் கொடுக்க நமக்குத் தெரியும். நம் கதைகள் முழுக்க அதுதான். அடுத்தவர் மகிழ்ச்சிக்கு முழுதாகப் பக்கத்தில் உட்காரத்தான் தெரியாது. உங்கள் முதல் கதை பிரசுரமான அன்று வீட்டில் "காசு குடுப்பாங்களா?" என்று கேட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் நீங்கள் அப்படிக் கேட்ட நாள் நினைவிருக்காது.

ஆகவே என் தீர்ப்பு: காட்மனைப் படியுங்கள், ஜோசியராக அல்ல, கூர்ந்து பார்க்கிற ஒரு சக வாசகராக. எண்களைச் சந்தேகியுங்கள். விவரிப்புகளை நம்புங்கள். பட்டியலை அடுத்தவர்மேல் பிரயோகிக்காமல், தன்மேல் மட்டும் பிரயோகிக்க முடிந்தால் அந்தப் புத்தகம் விலைக்குத் தகும்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். அந்த இளைஞரைப் பற்றி இன்னும் கூர்மையாக மூன்று வரி எழுதியிருந்தேன். "பாவம், அந்தப் பையன் படிப்பான்ல" என்றாள். மூன்று வரியும் ரொம்ப நன்றாக வந்திருந்தன. எடுத்துவிட்டேன்.